மெரைன் கடையில் மீனைக் கடைசியாகப் பாருங்கள்

மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி, வைத்திருப்பவர்கள் கூடினால் வரும் புலம்பல் ஒன்றுதான். "கடையில நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல போயிடுச்சு." உடனே நம் டேங்க்கில்தான் குறை தேடுவோம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அளந்து பார்ப்போம், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கழற்றிக் கழுவுவோம், உப்பு பிராண்டைத் திட்டுவோம். பல நேரம் குறை வீட்டில் இருக்காது. கடையில் அந்த மீன் நன்றாக இருந்ததே ஒரு ஏற்பாட்டினால்தான். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் அந்த ஏற்பாட்டை வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடை எது என்பது வேண்டாம். பல ஊர்களில் இதே கதைதான் நடக்கிறது.

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர். தெருத்தெருவாகக் கடைகள், ஆனால் பெரும்பாலும் நன்னீர் மீன்கள். மெரைன் மீன் வைத்திருப்பவர்கள் நகரம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். நான் சொல்லும் கடைக்காரரும் கப்பி, மோலி, தங்கமீன் விற்றுக்கொண்டிருந்தவர். பக்கச் சுவரில் மூன்று அடுக்கு ரேக் அடித்து மெரைன் ஆரம்பித்தார். அப்போது கடையைப் பார்த்துக்கொண்ட பையனுக்கு மீன் மேல் உண்மையிலேயே ஆசை. காலையில் வந்ததும் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பான். சாப்பிடாத மீனுக்கு இறாலைப் பொடியாக நறுக்கிக் குச்சி நுனியில் வைத்து நீட்டுவான். அவன் வேறு வேலைக்குப் போனதும் கடை சரிய ஆரம்பித்தது. அடுத்து வந்தவர்களுக்கு பில் போடுவது, டேங்க் டெலிவரி, நாய்ச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் மெரைன் ரேக்.

அந்த ரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்க ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. கீழே குனிந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சம்ப் (எல்லாத் தண்ணீரும் வந்து சேரும் அடித்தொட்டி), ஒரே பம்ப், ஒரே தண்ணீர். மேல் தட்டில் டேங் என்ற வகை மீன் ஒன்று நோயோடு வந்தால் அன்று மாலைக்குள் அந்தக் கிருமி கீழ்த்தட்டு க்ளவுன் மீன் வரை போய்விடும். இதைத் தடுக்க, ஓடும் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு உண்டு. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பல்பை வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீல வெளிச்சம் மட்டும் மிச்சம், வேலை நடக்காது. அந்தக் கடையில் பல்பை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "எரியுதே சார்" என்றுதான் பதில் வந்தது.

அதனால் கடைக்காரர்கள் வேறு இரண்டு வழிகளை நம்புகிறார்கள். முதலாவது, உப்பைக் குறைப்பது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஸ்பெசிஃபிக் கிராவிட்டியில் (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சொன்னால் 1.025, 1.026. அந்தக் கடையில் நான் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 1.018 காட்டியது. அதாவது ஏறக்குறைய 25 கிராம். ஆயிரம் லிட்டர் ஓடும் ரேக்கில் ஒவ்வொரு முறை தண்ணீர் நிரப்பும்போதும் பத்து கிலோ உப்பு மிச்சம். கடைக்காரர் மிச்சத்தைச் சொல்லவில்லை. "குறைஞ்ச உப்புல நோய் வராது சார், மீனுக்கு ரெஸ்ட்" என்றார். பாதி உண்மை. உப்பைக் குறைத்து வெள்ளைப்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதற்கு 1.009 வரை இறக்கி, வாரக்கணக்கில் அதே அளவில் பிடித்து வைக்க வேண்டும். 1.018 கிருமியை ஒன்றும் செய்யாது. நட்சத்திர மீன், இறால், பூப்போல் விரியும் அனிமோன் போன்ற உயிர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர் வேதனை.

இரண்டாவது, காப்பர், அதாவது தண்ணீரில் கலக்கும் செம்பு மருந்து. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெரைன் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் இருக்கும். பிறகு உதிர்ந்து தரையிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டும். அந்தக் கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்து நீந்தி அடுத்த மீனைத் தேடும். காப்பர் கொல்வது நீந்தும் நிலையில் இருப்பவற்றை மட்டும். மீன் மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் முழு அளவு காப்பரை ஒரு நாள் விடாமல் முப்பது நாள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் கீலேட்டட் காப்பர் (வேறொரு பொருளோடு பிணைத்த செம்பு) என்றால் 2 முதல் 2.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம். கடைகளில் நடப்பது வேறு. கண்ணளவில் ஒரு மூடி ஊற்றுவார்கள். கல்லும் பவளத் துண்டும் கிடக்கும் தொட்டியில் அதில் ஒரு பகுதியைக் கல்லே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கடையில் மீன் வந்த பையின் தண்ணீரை வீட்டில் காப்பர் அளக்கும் செக்கர் வைத்துப் பார்த்தால் 1 பிபிஎம் கூட வராது. அந்த அளவு நோயைக் குணமாக்காது, அடக்கி மட்டும் வைக்கும். செவுளுக்குள் கொஞ்சம் ஒட்டுண்ணி, உடம்பில் ஒரு புள்ளி இல்லை, நிறம் பளிச். பார்க்கிறவர் வாங்கிவிடுவார். காப்பர் இல்லாத வீட்டு டேங்க்குக்குள் மீன் போனதும் அடங்கிக் கிடந்தது பெருகும். ஒரு வாரத்தில் புலம்பல் ஆரம்பிக்கும்.

உடம்பில் உப்புக்கல் தூவியதுபோல் இருந்தால் வெள்ளைப்புள்ளி. மாவு சலித்துப் போட்டதுபோல் மெல்லிய மஞ்சள் படலம் இருந்தால் வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். முதலாவதில் உங்களுக்கு நாட்கள் இருக்கின்றன. இரண்டாவதில் பெரும்பாலும் படலம் கண்ணுக்குத் தெரிவதற்குள் மீன் போய்விடும். வேவ் மேக்கர் (தொட்டிக்குள் அலை எழுப்பும் கருவி) அடிக்கும் இடத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிற மீனைக் கண்டால், கடைக்காரர் "கரன்ட் புடிச்சிருக்கு, விளையாடுது" என்பார். அது மூச்சுக்குத் தவிக்கிறது. செவுள் எத்தனை முறை அசைகிறது என்று கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். எண்பதைத் தாண்டினால் அந்த மீன் வேண்டாம், அந்த ரேக்கில் வேறெதுவும் கூட வேண்டாம்.

காப்பரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் அது விஷம். ஒரே சம்ப் தண்ணீர் ஓடும் ரேக்கில் க்ளீனர் இறாலை வைத்தால் முதலில் மந்தமாகும், பிறகு ஒருநாள் காலையில் கவிழ்ந்து கிடக்கும். "இறால் எல்லாம் ரொம்ப டெலிகேட் சார்" என்று நமக்கே பாடம் எடுப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மான்டரின் மீனைப் பார்த்திருப்பீர்கள்; நீலமும் ஆரஞ்சும் கோலம் போட்ட மாதிரி இருக்கும், விரல் நீளம்தான். கல் மேல் ஊர்ந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாத, கோப்பிபாட் என்ற குட்டி உயிரிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கிற மீன் அது. அந்தக் கடையில் அதை அடியில் வெள்ளை டைல் போட்ட வெற்றுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கல் இல்லை, மணல் இல்லை, கொத்த ஒன்றுமே இல்லை. நான் போனபோது அது கண்ணாடி மூலையில் சிலிகான் ஒட்டிய இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலம், பின்னால் உடம்பு ஒட்டிப்போய் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் குழி. "இது என்ன சாப்பிடுது தம்பி?" என்று கேட்டேன். "பெல்லட் போடுறோம் சார், எல்லாம் சாப்பிடும்." போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டான். பெல்லட் அதன் மூக்குக்கு முன்னால் விழுந்து, ஊறி, உடைந்து, தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவில் போனது. மீன் சிலிகானை விடவில்லை.

அதே வகையில் காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை, மூரிஷ் ஐடல் இரண்டையும் கடைகள் தொடர்ந்து இறக்குகிறார்கள். நீள மூக்கும் அழகும் இருப்பதால் போன வேகத்தில் விற்றுவிடும். பழகிய கைகளில்கூட இவை பாதி நேரம் சாப்பிட மறுக்கும். கடைக்காரரைக் கேட்டால் கேட்கிற வாடிக்கையாளர் இருக்கிறார் என்பார். அதுவும் உண்மைதான்.

அனிமோன் கதை சுருக்கமாக. வெள்ளையாக, பளபளவென்று இருந்தால் அது அழகு இல்லை. உள்ளே வாழும் பாசி போய்விட்டது, உடம்பு பட்டினியில் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சளில் ஒன்று வைத்திருந்தால் சாயம் ஏற்றியதா என்று சந்தேகப்படுங்கள். அப்புறம் நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் குழந்தை கையில் கொடுத்து போட்டோ எடுக்கும் பழக்கம். அந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமை அது ஒரு ஷோ மாதிரி நடக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்தக் கடையிலும் இல்லை. தெருவில் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தவை பில் போடும் கம்ப்யூட்டரும் சிசிடிவியும். ரேக் பம்ப் நின்று எத்தனை நேரமாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மேல் தட்டில் செத்த மீன்கள் அப்படியே கிடந்தன, உயிரோடு இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்ப் ஓடாத மெரைன் தொட்டியில் முதலில் போவது ஆக்சிஜன். செத்ததை எடுக்காமல் விட்டால் அடுத்து அம்மோனியா. சில நூறு ரூபாய்க்கு பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது. அந்த ரேக்கில் இருந்த ஒரு டேங் மீனின் விலையில் பாதிகூட வராது. நன்னீர்ப் பக்கம் கப்பிகள் சாவதானமாக நீந்திக்கொண்டிருந்தன. இவர்களின் பழக்கம் அங்கே உருவானது, அந்த மீன்கள் மன்னிக்கும்.

புயலுக்குப் பிறகு புதுத் தண்ணீர் போட்டார்கள். செயற்கை உப்பு கரைத்ததா, கடல் தண்ணீரா என்று கேட்டேன். டிரம்மில் கடல் தண்ணீர் வந்ததாம். அதே நாட்களில்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து மீனவர்கள் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கரையில் எடுத்தது என்றேன். பதில் இல்லை. கடல் தண்ணீர் எடுப்பதில் தப்பே இல்லை, நானும் எடுத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலை நீலமாக மின்னியதே, அந்த மாதிரிப் பாசிப் பெருக்கம் இருக்கும் நாட்களில் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. மழை விட்டு, கடல் தெளிந்து, முகத்துவாரங்களை விட்டு நன்றாகத் தள்ளிப் போய் எடுக்க வேண்டும். இதெல்லாம் டிரம் கொண்டு வருகிற வண்டிக்காரருக்கு யார் சொல்வார்கள்?

சட்டம் ஏதும் இல்லையா என்று கேட்கிறார்கள். 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் பிராணி என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும்தான். அதன்படி மீனும் அடக்கம். ஆனால் 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளைப் படித்தால் நாய், பூனை, முயல், பறவை என்று பட்டியல் போகிறது, மீன் அதில் இல்லை. மான்டரின் பட்டினி கிடக்கிறது என்று யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. கடல் குதிரை விஷயம் வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இல் கடல் குதிரை, கடல் அட்டை, பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன. மாட்டினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "உள்ள ஒரு ஸ்பெஷல் ஐட்டம் இருக்கு சார், பாக்குறீங்களா?" என்று கடைக்காரர் குரலைத் தணித்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். வயிறே இல்லாத உயிர் அது. ஒரு நாளில் பலமுறை தீனி கேட்கும். பெல்லட் தூவும் கடையில் அதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். என் தங்கை மகன் ஒருநாள் என்னோடு வந்திருந்தான். ஒரு பெட்டியில் க்ளவுன் ஒன்று, உடம்பு முழுக்கத் தடித்த வழவழப்பு படர்ந்து உரிந்து தொங்கியது. ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய். கடலில் பிடித்து வரும் க்ளவுன்களை அதிகம் தாக்கும், ஃபார்மலின் வைத்தியம் உடனே செய்யாவிட்டால் ஓரிரு நாள்தான். "மாமா, வாங்கிட்டுப் போய் காப்பாத்திடலாம்" என்றான். மாட்டேன் என்றேன். வீடு வரும் வரை பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கடைக்காரர் நோட்டில் அது 'க்ளவுன் 1, விற்றது' என்று ஏறும். அடுத்த சரக்குக்கு ஆர்டர் போடும்போது அந்த வரியைத்தான் பார்ப்பார், நாம் இரக்கப்பட்டு வாங்கியது அதில் இருக்காது. பெட்டியிலேயே செத்தால் நஷ்டம் அவர் கணக்கில் விழும். இந்த வியாபாரத்தில் அவர் கவனிக்கிற ஒரே எண் அதுதான். பத்தில் நான்கு செத்தாலும் மீதி ஆறின் விலையில் அதை ஏற்றி வைத்திருப்பார், அது வேறு விஷயம். சரக்கு வியாழன், வெள்ளியில் வந்து இறங்குவதும் இந்தக் கணக்கில்தான். சனி ஞாயிறு கூட்டத்தில் கைமாறிவிட்டால் திங்கட்கிழமைச் சாவு நம் வீட்டில் நடக்கும்.

அதனால் நான் வார நடுவில் போகிறேன். புதிதாக வந்த மீன் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்து, பத்து நாள் கடையிலேயே வைத்திருக்கச் சொல்கிறேன். வைத்திருக்க மாட்டேன் என்கிற கடையில் எனக்கு வேலை இல்லை. எடுக்கும் நாளில் என் கண் முன்னால் தீனி போடச் சொல்வேன். ரிஃப்ராக்டோமீட்டர் எப்போதும் பையில் இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

கடையில் உப்பு 1.018, உங்கள் வீட்டில் 1.025 என்றால் மீனை அப்படியே கொண்டுவந்து விடக் கூடாது. உப்பு இறங்குவதை மீன் தாங்கும், ஏறுவதைத் தாங்காது, உடம்பில் நீர் வற்றிப்போகும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டாலும் அந்த இடைவெளிக்குப் போதாது. குவாரன்டைன் டேங்க்கை (புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்கும் தொட்டி) முதலிலேயே கடையின் அளவுக்கு இறக்கி வைத்து, மீனை நேராக அதில் விட்டு, நாளுக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றுங்கள். குவாரன்டைன் என்றதும் பயப்பட வேண்டாம். நாற்பது, ஐம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஏற்கெனவே வேறு தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி எல்போ, ஒரு மூடி. கல்லும் மணலும் போடாதீர்கள், காப்பர் அளவு நிற்காது. மேலே சொன்ன முழு அளவு காப்பரில் முப்பது நாள். பையில் வந்த தண்ணீர் ஒரு சொட்டும் டேங்க்குக்குள் போகக் கூடாது.

கூரியரில் வரும் மீனுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். பை நெடுநேரம் மூடியிருப்பதால் மீன் விட்ட மூச்சுக் காற்று கரைந்து தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அதுவரை அம்மோனியா கடுமை காட்டாது. பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அந்தப் பையிலேயே வைத்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தால் மீனை அதிலேயே வேகவைக்கிறோம். திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, முன்கூட்டியே அனுப்புபவரிடம் உப்பு அளவைக் கேட்டுப் பொருத்தி வைத்த தொட்டியில் உடனே மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே டேங்க்கில் நோய் புகுந்துவிட்டால் மீன்களை வெளியே எடுத்து மருந்து கொடுங்கள். டேங்க் மீனில்லாமல் காலியாக ஓடட்டும். வெள்ளைப்புள்ளிக் கூடுகள் 72 நாள் வரை தாக்குப்பிடித்துப் பொரிந்த பதிவு இருக்கிறது, அதனால் 76 நாள் என்று சொல்வார்கள். பொறுமை சோதிக்கும்தான்.

தங்கை மகனுக்குப் பிறகு பண்ணையில் பொரித்து வளர்த்த க்ளவுன் ஜோடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் பொரிப்பை எப்போதோ கைவசப்படுத்திவிட்டன. பிறந்ததிலிருந்து தொட்டித் தண்ணீரும் பெல்லட்டும் பழகிய மீன். நல்ல கவனிப்பில் இருபது வருடம்கூட இருக்கும். அவன் இப்போது மாமாவோடு பேசுகிறான்.

கடைக்காரரிடம் பேசிப் பார்க்கவில்லையா என்றால், பேசினேன். வதை, பாவம் என்று ஆரம்பித்தால் காது கொடுக்க மாட்டார் என்று தெரியும். ரூபாயில் பேசினேன். மாதம் எத்தனை இறால் சாகிறது, ஒன்று என்ன விலை என்று அவர் நோட்டிலேயே கூட்டிக் காட்டினேன். உப்பை ஏற்ற ஒப்புக்கொள்ளவில்லை. யூவி பல்பும் அப்படியேதான் எரிகிறது. ஆனால் ரேக்கோடு சேராமல் இரண்டடித் தொட்டி ஒன்று தனியாகப் போட்டார், தனி ஃபில்டர், காப்பர் படாத தண்ணீர், உப்பு 1.025. இறாலும் சங்குக்குள் வாழும் ஹெர்மிட் நண்டும் இப்போது அதில் இருக்கின்றன, சாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்தத் தொட்டியிலிருந்து இறால் வாங்குகிறேன். மீன் மட்டும் இன்னும் அவரிடம் வாங்குவதில்லை, ஏன் என்று அவருக்கும் சொல்லிவிட்டேன்.